சிறுகுறிஞ்சானை அளந்த ஊர்

உதகை வானொலி நேயர்களுக்கு வணக்கம். மருந்தியல் மாணவர்களுக்கு நெடுங்காலம் பாடம் நடத்தியவன் நான். மூலிகைகள் மேல் தீராத பற்று உள்ளவன். சர்க்கரை நோய் நம் ரத்தக்குழாய்களை என்ன செய்கிறது, மூலிகைச் சாறுகள் அவற்றைக் காக்குமா என்று அந்தப் பற்றோடுதான் பேச வந்திருக்கிறேன்.

குன்னூரிலும் கூடலூரிலும் பல வீட்டு வாசல்களில் இன்சுலின் செடி என்று ஒன்றை வளர்க்கிறார்கள். "தினமும் ஓர் இலை மெல்கிறேன், மாத்திரையை விட்டுவிட்டேன்" என்று யாராவது சொன்னால் எனக்கு மனம் பதறுகிறது. அதற்குக் காரணம் உண்டு.

ரத்தக்குழாயின் உட்புறத்தை ஒரே ஒரு செல் கனமுள்ள படலம் போர்த்தியிருக்கிறது. அது நைட்ரிக் ஆக்சைடு என்ற வாயுவைச் சுரந்து குழாயை இளக்கமாக வைத்திருக்கிறது. இந்த வாயுவின் வேலையைக் கண்டறிந்த மூவருக்கு 1998-இல் நோபல் பரிசு கிடைத்தது. தசைக்குள் சர்க்கரை நுழைய இன்சுலின் உதவி வேண்டும். இந்தப் படலத்துக்குள் நுழைய அது வேண்டியதில்லை. ரத்தத்தில் ஏறுகிற சர்க்கரை இங்கேயும் ஏறிவிடும், தடுக்கக் கதவு கிடையாது. அப்படி ஏறியதும் தீங்கு செய்யும் ஆக்சிஜன் மூலக்கூறுகள் பெருகி, அந்த நல்ல வாயுவைத் தீர்த்துவிடுகின்றன. சர்க்கரை புரதங்களிலும் ஒட்டிக்கொள்கிறது. கல்லில் தோசை சிவக்கிறதே, ஏறக்குறைய அதே வேதிவினைதான்; உடம்புச் சூட்டில் மெல்ல மெல்ல, ஆண்டுக்கணக்கில் நடக்கிறது. கண், சிறுநீரகம், பாதத்து நரம்பு என்று நுண்குழாய்களை நம்பியிருக்கும் இடங்கள் கெடத் தொடங்குகின்றன. அப்போது வலிக்காது. திரும்பவும் சொல்கிறேன், தொடக்கத்தில் வலிக்கவே வலிக்காது.

இனி சிறுகுறிஞ்சானுக்கு வருவோம். சமவெளிப் புதர்க்காடுகளில் படரும் கொடி அது. சித்த மருத்துவர்கள் சர்க்கரை நோய்க்குக் கொடுத்துவருகிற இலை. அதை மென்ற பிறகு வாயில் சர்க்கரையைப் போட்டால் மணலைப் போட்டது போலிருக்கும், இனிப்பே தெரியாது. அந்த இலையில் இருக்கும் பொருளை வேதியியல் முறையில் ஆராய்ந்தவர் நம்முடைய இதே உதகையில் வேலை பார்த்தவர் என்பது உங்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? டேவிட் ஹூப்பர் என்பது அவர் பெயர். சென்னை மாகாண அரசின் குவினாலஜிஸ்ட், அதாவது கொய்னா ஆய்வாளர்.

அப்படி ஒரு பதவி எதற்கு? மலேரியாவுக்கு மருந்தாகும் சிங்கோனா மரத்தை 1860-களில் நீலகிரியில் நட்டார்கள். தொட்டபெட்டாவிலும் நடுவட்டத்திலும் தோட்டங்கள் எழுந்தன. ஆனால் எல்லா மரத்துப் பட்டையிலும் குவினைன், அதாவது கொய்னா மருந்து, ஒரே அளவில் இருக்காது. இனத்துக்கு இனம் மாறும், வயதுக்கு வயது மாறும். பட்டையைச் சோதித்து இதில் இவ்வளவு மருந்து இருக்கிறது என்று சொல்ல ஓர் ஆள் தேவைப்பட்டார். அளந்து சொல்வதுதான் அவருடைய வேலை.

அளந்து பழகிய அந்த மனிதரின் கைக்குச் சிறுகுறிஞ்சான் இலை வந்து சேர்ந்தது. இலையை மென்ற பின் தேநீரில் சர்க்கரை தெரியவில்லை என்று எட்ஜ்வொர்த் என்ற பிரிட்டிஷ் அதிகாரி முன்பே கவனித்திருந்தார். ஹூப்பர் அதோடு நிற்கவில்லை. இலையிலிருந்து ஓர் அமிலத்தைப் பிரித்தெடுத்து, அதற்கு ஜிம்னெமிக் அமிலம் என்று பெயரிட்டு, 1887-இல் நேச்சர் இதழில் எழுதினார். உலகம் இன்றும் அந்தப் பெயரைத்தான் சொல்கிறது. நம் மலையில் நடந்த வேலை இது. பள்ளிப் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை.

சரி, இந்த இலை ரத்தக்குழாயைக் காக்குமா? சென்னைப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 1990-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். இரண்டாம் வகைச் சர்க்கரை நோய் உள்ள 22 பேருக்கு, மாத்திரையோடு சேர்த்து, நாளொன்றுக்கு 400 மில்லிகிராம் இலைச்சாரம் 18 முதல் 20 மாதங்கள் வரை கொடுத்தார்கள். சர்க்கரை குறைந்தது, 5 பேரால் மாத்திரையையே நிறுத்த முடிந்தது. எனக்கு மகிழ்ச்சி தரும் செய்திதான். ஆனால் 22 பேரை வைத்துக் கண்ணும் சிறுநீரகமும் தப்பிக்கும் என்று யாரும் உறுதி கூற முடியாது. அவர்கள் கொடுத்ததும் அளவிட்ட சாரம். அந்த 5 பேரும் மருத்துவர்களின் கண்காணிப்பில் நிறுத்தியவர்கள், தாங்களாக நிறுத்தியவர்கள் அல்லர்.

நெல்லிக்காய் குழாய்ப் படலத்தையே குறிவைத்துச் சோதிக்கப்பட்டிருக்கிறது. ஹைதராபாத்தில் சர்க்கரை நோயாளிகளுக்கு 12 வாரம் நெல்லிச்சாரம் கொடுத்துப் பார்த்தபோது படலத்தின் செயல்பாடு மேம்பட்டது, நைட்ரிக் ஆக்சைடும் உயர்ந்தது. 12 வாரம் என்பது தொடக்கம்தான். கண்ணும் சிறுநீரகமும் கெட ஆண்டுகள் ஆகின்றன என்றேன் அல்லவா, காத்ததா என்று பார்க்கவும் ஆண்டுகள் வேண்டும்.

அப்படி ஆண்டுக்கணக்கில் பார்க்கப்பட்ட மருந்து ஒன்று உண்டு, மெட்ஃபார்மின். நீங்கள் விழுங்கும் அந்த வெள்ளை மாத்திரைக்கும் ஒரு செடிதான் மூதாதை. ஐரோப்பாவின் கலேகா என்ற செடியில் இருந்த பொருள் சர்க்கரையைக் குறைத்தது, ஆனால் நஞ்சாகவும் இருந்தது. அதன் வழியில் ஆய்வகத்தில் உருவான மெட்ஃபார்மினை ஜான் ஸ்டெர்ன் என்ற பிரெஞ்சு மருத்துவர் 1957-இல் நோயாளிகளுக்குக் கொடுத்த முடிவுகளை வெளியிட்டார். உடல் பருமனான நோயாளிகளுக்கு அது மாரடைப்பைக் குறைத்ததை 1998-இல் பிரிட்டனின் பெரிய ஆய்வு காட்டியது. ஆகவே மாத்திரையை விட்டு மூலிகைக்குப் போகிறேன் என்பவர்களே, நீங்கள் விடுவதும் மூலிகை வழி வந்ததுதான்.

நிலையத்து நண்பர் கடிகாரத்தைக் காட்டுகிறார். நம் ஊசிக்களாச் செடியைப் பற்றியும் தவிட்டுப்பழத்தைப் பற்றியும் பேச நினைத்திருந்தேன், அவற்றுக்கு நேரமில்லை. அவசரமானவற்றை மட்டும் சொல்லிவிடுகிறேன். பெயரில்லாத பொட்டலத்தில் விற்கும் சர்க்கரைப் பொடியை வாங்காதீர்கள். ஆங்கில மாத்திரையையே இடித்துக் கலந்த பொடிகள் பிடிபட்டிருக்கின்றன. எந்த இலை சாப்பிட்டாலும் மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள், மாத்திரையும் இலையும் சேர்ந்து சர்க்கரை திடீரென்று இறங்கிவிடலாம். ஆண்டுக்கு ஒருமுறை விழித்திரையையும் சிறுநீரில் புரதத்தையும் சோதித்துக்கொள்ளுங்கள். இன்னொன்று, பனிக்காலத்தில் அடுப்பருகே கால் நீட்டிக் குளிர் காய்கிறோம். உணர்வு குறைந்த பாதத்துக்குச் சூடு தெரியாது, கொப்புளம் வந்த பிறகுதான் கண் பார்க்கும். கம்பளிக் காலுறை போட்டுக்கொள்ளுங்கள், படுக்கும் முன் பாதத்தின் அடிப்பக்கத்தைப் பாருங்கள். குனிய முடியாதவர்கள் வீட்டில் இருப்பவர்களைப் பார்த்துச் சொல்லச் சொல்லுங்கள். வணக்கம்.