புது கோல்ஃப் அயன் செட் வாங்க முதல் ஃபிட்டிங் தேவையா? – சந்தேகங்களுக்கு விளக்கம்

சரி, அடுத்த சந்தேகத்துக்கு வருவம். களுவாஞ்சிக்குடில பிறந்து இப்ப கனடாவில, ஸ்காபரோவில இரிக்கிற ஒரு தம்பி அனுப்பி இரிக்கார். அப்பிடியே வாசிக்கன், கேளுங்க. "அண்ணே, நான் அஞ்சடி அஞ்சங்குலம். வேலை செய்யிற இடத்தில ஒராள் தந்த பழைய அயன் செட்டத்தான் வச்சி அடிக்கன். புதுசு வாங்கப் போறன். கடைக்காரன் ஃபிட்டிங் செய்யணும் எண்டான், அதுக்கு வேற காசு. இது தேவையா, இல்லாட்டி காசு புடுங்கிற வேலையா? எந்தக் கொம்பனி நல்லம்?"

தேவை மனே. புதுசாக் கேக்கிறவங்களுக்கு ஒண்டு: அயன் எண்டா கோல்ஃப் பந்து அடிக்கிற இரும்புத் தலை மட்டை, ஃபிட்டிங் எண்டா அத உங்கட உடம்புக்கும் அடிக்கும் பொருத்தமா அளந்து எடுக்கிறது. ஆனா என்ன மாதிரிச் செய்யிறாங்க எண்டு பாத்துத்துத்தான் காசக் குடுக்கணும். கொம்பனிக் கதைய முதல்ல முடிச்சிருவம். டைட்லிஸ்ட், கேலவே, டெய்லர்மேட், பிங், மிசுனோ, இதில எதுவும் குப்பை இல்ல. நான் டுபாயில ஒரு கோல்ஃப் கிளப் கடையில வேலை செய்யக்குள்ள வாறவனெல்லாம் வாசல்லயே கொம்பனிப் பேரத்தான் கேப்பான். அது கடைசியாப் பாக்கிற விசயம்.

இப்ப உங்கட உயரம். அஞ்சடி அஞ்சு எண்டதும் "எனக்குக் கட்டை அயன்தான் சரி" எண்டு நீங்களே முடிவெடுத்திராதீங்க. உயரத்த மட்டும் வச்சிச் சொல்லேலாது. சப்பாத்தப் போட்டுத்து நேரா நில்லுங்க, கையத் தொங்க விடுங்க, மணிக்கட்டு மடிப்பில இருந்து நிலம் வரைக்கும் ஒராள அளக்கச் சொல்லுங்க. ஒரே உயரத்தில ரெண்டு பேர் நிண்டாலும் கை நீளம் வேற எண்டா இந்த அளவு வேற. அதுவும் தொடக்கம் மட்டுந்தான். நாடாவால அளந்துபோட்டு "ஃபிட்டிங் முடிஞ்சிது" எண்டு சொல்ற கடையா இருந்தா, நன்றி சொல்லித்து வெளிய வாங்க.

என்னத்துக்கு எண்டா, நிக்கக்குள்ள இரிக்கிற அயன் வேற, பந்தில படக்குள்ள இரிக்கிற அயன் வேற. வேகமா இறங்கி வரக்குள்ள ஷாஃப்ட், அதாவது மட்டைட தண்டு, கீழ்ப்பக்கமா வளையும், டோ, அதாவது அயன்ட மூக்கு நுனி, கொஞ்சம் தாழும். அதாலதான் லை ஆங்கிள அடிச்சிப் பாத்துத்தான் சொல்லலாம். லை ஆங்கிள் எண்டா ஷாஃப்டுக்கும் நிலத்துக்கும் இடையில இரிக்கிற சாய்வு. எனக்கு ஒரு செட்டில ஒண்டே ஒண்டப் பாக்க விட்டா, நான் இதத்தான் பாப்பன். வலது கையால அடிக்கிறவருக்கு, பந்தில படக்குள்ள டோ தூக்கி நிண்டா பந்து இடப்பக்கம் போகும். டோ குத்திச்செண்டா வலப்பக்கம். நீங்க நேரா அடிச்சும் பந்து ஒரே பக்கமாப் போகும், உடனே கையத் திருத்துவீங்க, பிறகு கையும் கெட்டிரும். லொஃப்ட், அதாவது அயன்ட முகம் மேல பாத்துச் சாஞ்சிரிக்கிற அளவு, கூடக்கூட இந்தப் பிசகும் கூடும். அயன்ட நம்பர் கூடக்கூட லொஃப்டும் கூடும், வெட்ஜ் எண்ட கிட்டத் தூர மட்டைக்கு இன்னும் கூட. அதால 5 நம்பர விட 9 நம்பரிலயும் வெட்ஜிலயும்தான் வடிவாத் தெரியும்.

இதக் காசில்லாம நீங்களே பாக்கலாம். பந்தில மார்க்கர் பேனையால ஒரு தடிச்ச கோடு கீறுங்க. அந்தக் கோடு நிலத்துக்குச் செங்குத்தா, அயன்ட முகத்தப் பாத்தபடி வரணும். மை காய முதல் அடிங்க. கோடு அயன்ட முகத்தில ஒட்டும். முகத்தில குறுக்க ஓடுற வரிகள் இரிக்குத்தானே, அதுக்கு நேர் செங்குத்தா நிண்டா லை சரி. கோட்டுட மேல் முனை டோப் பக்கம் சாஞ்சா, அயன் உங்களுக்கு நிமிர்ந்து போச்சு. ஷாஃப்ட் பூட்டியிரிக்கிற ஹீல் பக்கம் சாஞ்சா, படுத்துப்போச்சு. ஒண்டு ரெண்டு அடியில முடிவெடுக்காதீங்க. ஒவ்வொருக்காவும் முகத்தத் துடைச்சித்து, திரும்பத் திரும்ப எந்தப் பக்கம் சாயுது எண்டு பாருங்க. கோடு எப்பவும் டோவுக்குக் கிட்ட விழுதா, ஹீலுக்குக் கிட்ட விழுதா எண்டும் பாருங்க. அது நீளம் பிழை எண்டதுக்கு ஒரு அறிகுறி.

பிங் கொம்பனி அயன்ல சின்னதா ஒரு கலர்ப் பொட்டு கண்டிருப்பீங்க. அது வடிவுக்கு வச்சதில்ல, லை ஆங்கிளச் சொல்றது. கறுப்புத்தான் சாதாரண அளவு. கார்ஸ்டன் சோல்ஹைம் 1959ல தொடங்கின கொம்பனி அது, 1972ல இருந்தே இந்தக் கலர் அட்டவணைய வச்சிரிக்காங்க. ஆரும் உங்களுக்குப் பழைய பிங் செட் விக்க வந்தா, முதல்ல பொட்டப் பாருங்க.

இதில இன்னொண்டு. உங்கட பழைய செட் ஃபோர்ஜ்ட் எண்டா, அதாவது மென்மையான உருக்கில அடிச்சிச் செஞ்சதெண்டா, ரெண்டு டிகிரி வரைக்கும் வளைச்சித் தருவாங்க. வார்த்துச் செஞ்ச ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் லேசில வளையாது, சிலது உடையவும் பாக்கும். லை மட்டுந்தான் உங்கட பிரச்சினை எண்டா, வளைக்கிற கூலியோட முடிஞ்சிரும். புதுசே தேவையில்லாமப் போகலாம். கடைக்காரன் இதத் தானாச் சொல்ல மாட்டான்.

அடுத்தது கடையில நடக்கிற ஒரு கூத்து. உங்கட பழைய 7 நம்பரையும் புது 7 நம்பரையும், பந்து போற தூரத்த அளக்கிற மெசின்ல அடிக்க விடுவாங்க. புதுசு கனக்கத் தூரம் கூடப் போகும். உங்களுக்குச் சந்தோசம் தாங்காது. முதல்ல லொஃப்ட் எத்தின டிகிரி எண்டு கேளுங்க. 80களில 7 நம்பர் 36 டிகிரி மட்டில இருந்திச்சு. இப்ப தூரம் போகிறதுக்கெண்டு செய்யிற மாடல்கள்ல 30க்கும் கீழ இரிக்கு. அப்ப நீங்க அடிச்சது 7 எண்டு எழுதின பழைய 5 நம்பர். புது மாடல்ல வேற நன்மை இல்லையெண்டு சொல்லல்ல. பாரத்த ஓரத்துக்குத் தள்ளி இரிக்கிறதால, நடுவில படாத பந்தும் ஓரளவு தப்பிப் போகும், அது உண்மை. ஆனா தூரத்தப் பாக்காம, பந்து என்ன சாய்வில இறங்குது எண்டு மெசின்ல பாருங்க. 45 டிகிரிக்குக் குறைவா இறங்கினா கிறீன்ல, அதாவது குழி இரிக்கிற கட்டைப் புல்தரையில, விழுந்தும் பெரும்பாலும் நிக்காது, உருண்டு பின்னால போயிரும். பிறகு அதே செட்டில பிட்சிங் வெட்ஜ் 43 டிகிரி எண்டு வரும், உங்கட சாண்ட் வெட்ஜ் 56. நடுவில 13 டிகிரி பள்ளம். அத நிரப்ப இன்னொரு வெட்ஜ், சிலவேளை ரெண்டு. அந்தக் காசையும் சேத்துக் கணக்குப் பாருங்க.

ஷாஃப்ட் விசயம் கெதியாச் சொல்றன். எவ்வளவு வளையும் எண்டு காட்ட ஆர், எஸ் எண்டு எழுதியிரிக்கிறத நம்பாதீங்க, கொம்பனிக்குக் கொம்பனி அந்த எழுத்துக்குப் பொது அளவே இல்ல. பாரத்தப் பாருங்க. சில ஸ்டீல் ஷாஃப்ட் 130 கிராம் மட்டில வரும், கிராஃபைட் அதில பாதிக்கும் இரிக்கு. ஒரு வாளி பந்து அடிச்சி முடியக்குள்ள கை சோர்ந்து பந்து வலப்பக்கமாப் போகத் தொடங்கினா, பாரம் கூட. கிறிப்ப, அதாவது கைபிடியப் பிடிச்சா இடக்கை நடுவிரலும் மோதிர விரலும் உள்ளங்கைய லேசாத் தொடணும், அவ்வளவுதான்.

நீங்க ஊரில கிரிக்கெட் ஆடினதா எண்டு எழுதல்ல. எங்கட பக்கத்துப் பொடியன் எண்டா ஆடாம இரிக்க ஏலா. வலக்கையால எறிஞ்சி இடது பக்கம் பேட் பண்ணின ஆள் எண்டா, ஃபிட்டிங்குக்கு முதல் இடது செட்டையும் ஒருக்கா அடிச்சிப் பாருங்க. அமெரிக்க கோல்ஃப் வீரர் ஃபில் மிக்கெல்சன் மத்த வேலைக்கெல்லாம் வலக்கைக்காரர், கோல்ஃப் மட்டும் இடது.

கடைசியா ஒண்டு, இதத்தான் கனபேர் விடுறாங்க. கடைக்குள்ள பிளாஸ்டிக் பாயில வச்சித்தான் அடிக்க விடுவாங்க. அயன் பந்துக்கு முதல் நிலத்தில பட்டாலும் பாயில வழுக்கிப் போய்ப் பந்த நல்லா அடிச்ச மாதிரிக் காட்டும். நான் இஞ்ச கல்லடிக் கடற்கரையில, அலை நனைச்சி இறுகின மண்ணில ஒரு கோடு கீறி, பந்தில்லாம வீசிப் பாக்கன். மண் கிழிஞ்ச தடம் கோட்டிலயோ, அதுக்கு முன்னாலயோ தொடங்கணும். கோட்டுக்குப் பின்னால தொடங்கினா எந்த ஃபிட்டரும் ஒண்டும் செய்யேலாது, ஒரு கோச்சிட்டப் போறதுதான். உங்களுக்கு அங்க மாரி காலத்தில எல்லாம் பாய்தான். அவசரப்படாதீங்க, புல்லுத் திறந்தாப் பிறகு வெளியில வச்சி ஃபிட்டிங் செய்யிற இடமாப் பாருங்க.

பழைய செட்ட விக்காதீங்க மனே. ஊருக்கு வரக்குள்ள கொண்டு வாங்க. மட்டக்களப்பில கோல்ஃப் மைதானம் எங்க இரிக்கு, திருகோணமலை சீனக்குடாவுக்குத்தான் போகணும், நான் கூட்டித்துப் போறன். அதுக்கு முதல் அந்த மார்க்கர் கோடு ஒட்டின முகத்த ஒரு ஃபோட்டோ எடுத்து அனுப்புங்க, 7 நம்பரும் 9 நம்பரும் காணும்.