ரசீது வாங்காமல் திரும்பி வராதே

(கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில், கொழிஞ்சாம்பாறைப் பக்கம் எங்கள் வார்டு மக்கள் நடத்திய பாராட்டுக் கூட்டத்தில் பேசியது)

எல்லோருக்கும் வணக்கம். மேடைக்குக் கூப்பிட்டும் வராமல், பெண்களோடு மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருக்கும் பெரியக்காவுக்குத் தனியாக ஒரு வணக்கம். எழுபதைத் தாண்டிய அவரைப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளும் பெரியக்கா என்றுதான் கூப்பிடுகிறார்கள், நானும் அப்படியே சொல்கிறேன்.

எனக்கு முன்னால் பேசியவர்கள் எல்லோரும் அவர் நிறையப் பேருக்கு உதவி செய்தார் என்றார்கள். உண்மைதான், ஆனால் எனக்கு அது போதவில்லை. பெரியக்கா யாருக்காகவும் ஒரு ஆபீஸில் போய்க் கெஞ்சியதில்லை, நம்மையும் கெஞ்ச விட்டதில்லை. இது உனக்குச் சேர வேண்டியது, எழுதிக் கொடு, ரசீது வாங்கு, பதில் வருகிறவரை விடாதே, ரசீது வாங்காமல் மட்டும் திரும்பி வராதே. ஒவ்வொரு வீட்டுத் திண்ணையிலும் உட்கார்ந்து அவர் சொல்லிக்கொடுத்தது இதைத்தான்.

நம் பக்கத்து நிலைமை உங்களுக்குத் தெரியும். 1956 நவம்பர் 1-இல் கேரளம் உருவானபோது சித்தூர் தாலுகா இந்தப் பக்கம் நின்றது. வீட்டில் தமிழ், சந்தையில் தமிழ், ஆபீஸ் படி ஏறினால் மலையாளம். படித்த பிள்ளைகளுக்கு இரண்டும் வந்துவிடும். கடலைக்காட்டில் கூலிக்குப் போகிறவர்களுக்கும் வயசானவர்களுக்கும் அப்படி இல்லை, ஒரு ஃபாரத்தை நீட்டினாலே கை நடுங்கும்.

கணவனை இழந்த ஒரு பாட்டியின் பென்ஷன் மனுவை, தமிழில் இருக்கிறது என்று சொல்லி ஒரு ஆபீஸில் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். பெரியக்காவுக்கு மலையாளம் நன்றாகவே எழுத வரும், ஐந்து நிமிஷத்தில் மாற்றி எழுதிக் கொடுத்திருக்கலாம், பக்கத்தில் நின்ற நான் அதைத்தான் சொன்னேன். அவர் மாட்டேன் என்றுவிட்டார். இன்றைக்கு நான் எழுதிவிடுவேன், நாளைக்கு இந்தம்மா தனியாக வந்தால் யார் எழுதுவார்கள் என்று கேட்டார். அப்புறம் மஞ்சப்பையிலிருந்து மடித்து மடித்து ஓரம் நைந்துபோன ஒரு தாளை எடுத்தார். 1969-இல் கேரளம் கொண்டுவந்த ஆட்சிமொழிச் சட்டத்தின் நகல். மொழிச் சிறுபான்மைப் பகுதி என்று அரசு அறிவித்த இடங்களில் உள்ள அரசு ஆபீஸ்களுக்குத் தமிழர்கள் தமிழிலேயே எழுதலாம், பதிலும் தமிழிலேயே வர வேண்டும் என்று அதில் இருக்கிறது. அந்த வரிக்குக் கீழே சிவப்பு மையில் கோடு போட்டு வைத்திருந்தார். குரலை உயர்த்தவே இல்லை. தாளை மேஜையில் விரித்து வைத்துவிட்டு, பாட்டியோடு பெஞ்சில் உட்கார்ந்துகொண்டார். சாயங்காலம் ரசீது கிடைத்தது. பென்ஷன் வரக் கொஞ்ச காலம் ஆனது, ஆனால் அதற்கப்புறம் அந்தப் பாட்டி மற்ற பாட்டிகளைத் தானே கூட்டிக்கொண்டு போனார்.

தண்ணீர் விஷயத்தையும் சொல்லியாக வேண்டும். தமிழ்நாட்டோடு போட்ட பரம்பிக்குளம் ஆழியாறு ஒப்பந்தப்படி மணக்கடவில் வருஷத்துக்கு 7.25 டி.எம்.சி. தண்ணீர் நம் கேரளத்துக்கு என்று பெரியவர்கள் பேசுவார்கள், அது பாசனக் கணக்கு, பேச வேண்டியதும்தான். ஆனால் நம் தெருவில் கோடைக்குக் குடிதண்ணீர் என்றால் லாரிதானே? அந்த லாரி, பெண்கள் எல்லோரும் வேலைக்குப் போன பிறகு வந்து ஹாரன் அடித்துவிட்டுப் போய்க்கொண்டிருந்தது. எல்லோரும் திட்டினோம். பெரியக்கா ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கினார். லாரி வந்த தேதி, வந்த மணி, எத்தனை வீட்டுக்குக் குடம் நிறையவில்லை, இவ்வளவுதான். கோடை முழுக்க எழுதி, கிராம சபையில் அதை வாசித்தார். வாசித்து முடிக்கிறவரை யாரும் குறுக்கே பேசவில்லை, என்னத்தைப் பேசுவது? அடுத்த கோடையில் லாரி காலை ஆறரைக்கு வந்தது.

பக்கத்துப் பெருமாட்டி பஞ்சாயத்தில், பிளாச்சிமடையில் 2002 ஏப்ரலில் மயிலம்மாவும் மற்றப் பெண்களும் நிலத்தடி நீரை உறிஞ்சிய கோகோ கோலா கம்பெனி வாசலில் போராட்டத்துக்கு உட்கார்ந்தபோது, நம் தெருப் பெண்களைக் கூட்டிக்கொண்டு போய்ப் பந்தலில் உட்கார்ந்தவரும் இவர்தான். 2004-இல் அந்த ஆலை நின்றது. 2007 ஜனவரியில் மயிலம்மா போய்ச் சேர்ந்த செய்தி வந்த அன்றைக்குப் பெரியக்கா யாரோடும் பேசவில்லை.

சரி, நான் இன்றைக்குச் சொல்ல வந்ததில் முக்கியமானது இன்னொன்று. 2008-இல் கேரள அரசு பாலியேட்டிவ், அதாவது நோயாளியின் வலியையும் வேதனையையும் தணிக்கும் கவனிப்புக்கான கொள்கை கொண்டுவந்ததற்கு அப்புறம், படுத்த படுக்கையாகக் கிடப்பவர்களை நர்ஸ் வீட்டுக்கே வந்து பார்க்கும் ஏற்பாடு பஞ்சாயத்துகளில் வந்ததே, அதில் முதலில் பேர் கொடுத்தவர்களில் பெரியக்காவும் ஒருவர். கள்ளு இறக்கப் போய்த் தென்னையிலிருந்து விழுந்து முதுகெலும்பு முறிந்த ஒரு தம்பி நம் தெருவில் இருந்தார், இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லை. அந்த வீட்டில் நர்ஸ் மலையாளத்தில் சொல்வதைப் பெரியக்கா தமிழில் சொல்வார். சொல்லிவிட்டு விடமாட்டார், செய்து காட்டுவார். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை எப்படித் திருப்பிப் படுக்க வைப்பது, விரிப்பில் சுருக்கம் இல்லாமல் எப்படி இழுத்து விடுவது, குதிகாலும் இடுப்பெலும்பும் சிவந்திருக்கிறதா என்று வெளிச்சத்தில் எப்படிப் பார்ப்பது. அந்தத் தம்பியின் மனைவி கைப்பிடித்துக் கற்றுக்கொண்டார். உணர்ச்சி இல்லாத இடத்தில் வலி தெரியாது, புண் வருவதும் தெரியாது, அதனால் நம் கண்தான் அவனுக்கு வலி என்பார் பெரியக்கா. படுக்கையில் கிடந்த அத்தனை வருஷத்தில் அவர் உடம்பில் ஒரு படுக்கைப்புண் வரவில்லை. அந்த மனைவி இன்றைக்கு நம் அயல்கூட்டத்தின், அதாவது அக்கம்பக்கத்துப் பெண்கள் குழுவின் செக்ரட்டரி, அதோ வாசலில் நோட்டோடு நிற்கிறார்.

பெரியக்காவுக்கு இப்போது முட்டி வலி, படியேற முடியவில்லை. பொன்னாடை, கேடயம் எதுவும் வேண்டாம் என்றவர் ஒன்றே ஒன்று கேட்டிருக்கிறார். பாலியேட்டிவ் நர்ஸோடு வீடு வீடாகப் போக ஆள் வேண்டும், வாரத்தில் அரை நாள் போதும், தமிழும் மலையாளமும் தெரிந்தால் நல்லது. அவர் போய்க்கொண்டிருந்த வீடுகளுக்கு அடுத்த வாரமே ஆள் போக வேண்டும். வாசலில் இருக்கும் நோட்டில் பேரும் எந்தக் கிழமை வர முடியும் என்பதையும் எழுதிவிட்டுப் போங்கள். முதல் வரியில் என் பேர் இருக்கிறது, புதன்கிழமை. இரண்டாவது வரியிலிருந்து நீங்கள் எழுதுங்கள்.