53 விசாரணையாளர்கள், 3 சரியான பதில்கள்: எரிந்த அறை ஏன் ஏமாற்றுகிறது?

[திரையில்: முழுவதும் கருகிய அறை. நான்கு பகுதிகளாகப் பிரிக்கும் வெள்ளைக் கோடு.]

2005-ஆம் ஆண்டு, லாஸ் வேகாஸ். படுக்கையறை மாதிரியே இரண்டு அறைகளைக் கட்டி, உள்ளே சாமான்களைப் போட்டு, தீ வைத்து, கொஞ்ச நேரம் எரியவிட்டு அணைக்கிறார்கள். அப்புறம் தீ விபத்துகளை விசாரிப்பதையே தொழிலாகக் கொண்ட 53 பேரை அழைத்து வந்து ஒரே ஒரு கேள்வி கேட்கிறார்கள். அறையை நாலாகப் பிரித்தால், தீ எந்தப் பகுதியில் தொடங்கியது?

முதல் அறையில் சரியாகச் சொன்னவர்கள் 3 பேர். இரண்டாவது அறையிலும் 3 பேர்.

நாலில் ஒன்றைக் கண்ணை மூடிக்கொண்டு கைகாட்டியிருந்தாலே 13 பேர் வாக்கில் சரியாகச் சொல்லியிருப்பார்கள். அனுபவம் இங்கே கைகொடுக்கவில்லை என்பதோடு நிற்கவில்லை. தவறான பக்கம் இழுத்துக்கொண்டே போயிருக்கிறது. இதே மாதிரிப் பார்வையை நம்பி, டெக்சாஸில் ஒரு மனிதருக்கு மரண தண்டனையே நிறைவேற்றியிருக்கிறார்கள். இந்த வீடியோ அதைப் பற்றியதுதான். சேனலுக்குப் புதியவர் என்றால் சப்ஸ்கிரைப் செய்துவிட்டு உட்காருங்கள், கொஞ்சம் நீளமாகப் போகும்.

அடிப்படையைச் சட்டென்று முடித்துவிடுவோம். எரிபொருள், ஆக்சிஜன், வெப்பம், இவை மூன்றையும் தொடர்ந்து ஓட்டும் வேதிச் சங்கிலி வினை. நாலில் ஒன்றைப் பறித்தால் தீ அணையும். பள்ளிப் பாடம், போதும்.

பாடப் புத்தகம் அழுத்திச் சொல்லாத ஒன்று இருக்கிறது. மரம் எரியும்போது நாம் பார்க்கும் அந்தச் சுடரில் எரிவது மரக்கட்டை அல்ல. சூடு பட்டு மரத்திலிருந்து கிளம்பும் வாயு. நம்பிக்கை இல்லையா? ஒரு மெழுகுவர்த்தியைக் கொஞ்ச நேரம் எரியவிட்டு ஊதி அணையுங்கள். திரியிலிருந்து வெள்ளையாக ஒரு இழை எழும்பும். அந்த இழையின் நடுவில், திரிக்கு ஓர் அங்குலம் மேலே, எரியும் தீக்குச்சியைக் காட்டுங்கள். சுடர் அந்த இழை வழியாகக் கீழே ஓடி, திரியைத் தானாகப் பற்றிக்கொள்ளும். குச்சி திரியைத் தொடவே இல்லை! அந்த வெள்ளை இழை மெழுகின் ஆவி. அதாவது எரிபொருள். பெரியவர்கள் மட்டும் செய்து பாருங்கள், குழந்தைகள் பக்கத்தில் நின்று பார்க்கட்டும்.

இதை மனதில் வைத்துக்கொண்டு ஓர் அறைக்குள் போவோம்.

[திரையில்: சோபா ஒன்றில் சிறு சுடர். மூலையில் கடிகாரம் ஓடுகிறது.]

சோபாவில் தீப்பிடிக்கிறது. சூடான புகை மேலே போய் சீலிங்கில் முட்டுகிறது, பக்கவாட்டில் பரவுகிறது, போக இடமில்லாமல் கனக்கத் தொடங்குகிறது. தொட்டியில் தண்ணீர் கீழிருந்து மேலே ஏறுவது மாதிரி, இங்கே புகை மேலிருந்து கீழே நிரம்புகிறது. புகை எரிபொருள் என்று இப்போதுதானே பார்த்தோம்? அப்படியானால் தலைக்கு மேலே எரிபொருள் சேர்ந்துகொண்டிருக்கிறது. அந்தப் படலம் கிட்டத்தட்ட 600 டிகிரி செல்சியஸைத் தொடும்போது, அதன் கதிர்வீச்சு வெப்பம் கீழே இருக்கும் எல்லாவற்றையும் சுடுகிறது. மேசை, கம்பளம், எதிர் மூலையில் கிடக்கும் செய்தித்தாள், எல்லாவற்றிலிருந்தும் ஆவி கிளம்புகிறது. சுடர் இன்னும் அவற்றைத் தொடக்கூட இல்லை. சில நொடிகள்தான், தரை முதல் சீலிங் வரை அறை மொத்தமும் பற்றிக்கொள்கிறது.

இதற்கு ஃபிளாஷ்ஓவர் என்று பெயர். அதுவரை அறைக்குள் ஒரு தீ இருந்தது. இனி அறையே தீ. முழுக் கவச உடையில் இருக்கும் தீயணைப்பு வீரரும் இதற்குள் தாக்குப்பிடிப்பது நொடிக்கணக்கில்தான்.

இதற்கு எவ்வளவு நேரம் ஆகும்? இந்த வீடியோவில் என்னை அதிகம் உலுக்கிய எண்கள் இவைதான். அமெரிக்காவின் யு.எல் ஆய்வகம் இரண்டு வரவேற்பறைகளை அமைத்து எரித்துப் பார்த்தது. ஒன்றில் பழைய காலத்துச் சாமான்கள்: மரம், பருத்தி. இன்னொன்றில் இன்று கடையில் கிடைப்பவை: பாலியூரித்தேன் ஃபோம் சோபா, செயற்கை இழைத் துணிகள். பழைய அறை ஃபிளாஷ்ஓவரைத் தொட 29 நிமிடத்துக்கு மேல் ஆனது. புதிய அறைக்கு 4 நிமிடம்கூட ஆகவில்லை. ஃபோம் என்பது பெட்ரோலியத்திலிருந்து செய்த பொருள். நாம் உட்காரும் சோபாவுக்குள் அத்தனை வேகம் அடைபட்டுக் கிடக்கிறது.

தூங்கும்போது படுக்கையறைக் கதவைச் சாத்திக்கொள்ளுங்கள் என்று தீயணைப்புத் துறையினர் சொல்வது இதற்காகத்தான். சாத்திய கதவு காற்றையும் மறிக்கும், புகையையும் மறிக்கும். இன்றைக்கே செய்யக்கூடிய காரியம், ஒரு பைசா செலவில்லை.

தீயணைப்பவர்கள் பக்கம் ஒரு நிமிடம் போய்வருவோம். தண்ணீர் நெருப்பைக் குளிர்விக்கிறது, அது எல்லாருக்கும் தெரியும். ஆனால் தண்ணீர் ஆவியாகும்போது கிட்டத்தட்ட 1,700 மடங்கு விரியும். எக்கச்சக்கமாக அடித்தால் அந்தக் கொதிநீராவி உள்ளே இருப்பவரையே வேகவைத்துவிடும். அதனால் 1980-களில் ஸ்வீடன் தீயணைப்பாளர்கள் வேறு வழி பிடித்தார்கள். தரையோடு தரையாகத் தவழ்ந்து, மேலே இருக்கும் புகைப் படலத்துக்குள் மெல்லிய தூறலாக, ஒரு நொடிக்கும் குறைவாக, விட்டு விட்டு அடிப்பது. எரியும் சோபாவை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம், முதலில் தலைக்கு மேலே இருக்கும் எரிபொருளைக் குளிர்விக்க வேண்டும். அழகான தர்க்கம்.

சரி, இப்போது விசாரணை.

[திரையில்: ஃபுளோரிடா வரைபடம். ஜாக்சன்வில்.]

1990 அக்டோபர். ஜாக்சன்வில் நகரின் லைம் தெருவில் ஒரு வீடு எரிந்து 6 பேர் இறந்தார்கள். தப்பி வந்த குடும்பத் தலைவர், குழந்தை தீயோடு விளையாடியதில் சோபா பற்றிக்கொண்டது என்கிறார். விசாரணையாளர்கள் நம்பவில்லை. நடைவழித் தரையில் குட்டை தேங்கியது மாதிரி கருகல் தடங்கள். தீ மேல்நோக்கித்தானே ஏறும், தரை இப்படிக் கருக வேண்டுமானால் பெட்ரோல் ஊற்றியிருக்க வேண்டும். இதுதான் அன்றைய பாலபாடம்.

அரசுத் தரப்பு இதை உறுதிப்படுத்த ஜான் லென்டினி, ஜான் டிஹான் என்ற இரண்டு நிபுணர்களை அழைத்தது. பக்கத்திலேயே, கிட்டத்தட்ட அதே அமைப்பில், இடிக்கப்படவிருந்த ஒரு வீடு கிடைத்தது. அதே வகைக் கம்பளம், அதே வகைச் சோபா போட்டு, வெப்பமானிகளைப் பொருத்தி, சோபாவில் மட்டும் தீ வைத்தார்கள். ஒரு சொட்டு பெட்ரோல் கிடையாது. ஃபிளாஷ்ஓவருக்குக் கால்மணி நேரமாவது ஆகும் என்பது அவர்கள் கணக்கு.

நாலரை நிமிடம்!

அணைத்துவிட்டு உள்ளே போய்ப் பார்த்தால், நடைவழித் தரையில் குட்டை குட்டையாக அதே தடங்கள். ஊற்றிய தடம் என்று இவர்களே காலம் காலமாகச் சொல்லிவந்தார்களே, அது. குற்றத்தை நிரூபிக்க வந்த சோதனை அந்த மனிதரைக் காப்பாற்றியது. வழக்கை வாபஸ் வாங்கினார்கள். தாங்கள் நம்பி வந்ததற்கு நேர் எதிரான முடிவு வந்தபோது அதை மறைக்காமல் வெளியே சொன்ன இந்த இரண்டு பேர் மேல் எனக்குப் பெரிய மரியாதை உண்டு.

லாஸ் வேகாஸ் புதிரும் இங்கேதான் அவிழ்கிறது. ஃபிளாஷ்ஓவருக்குப் பிறகு அறை முழுவதும் எரிபொருள் ஆவி, ஆக்சிஜன்தான் தட்டுப்பாடு. எனவே கதவு ஜன்னல் வழியாகக் காற்று எங்கே பாய்கிறதோ அங்கே தீ மூர்க்கமாக எரியும். அதிகம் கருகிய இடம் காற்று வந்த வழியைக் காட்டும். தீ தொடங்கிய இடமாக இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. 53 பேரில் பெரும்பாலோர் அதிகம் கருகிய இடத்தைக் கைகாட்டினார்கள். அந்த அறைகள் ஃபிளாஷ்ஓவருக்குப் பிறகு எரிந்தது 2 நிமிடம்தான். நிஜ வீடுகள் அதைவிட எவ்வளவோ நேரம் எரிகின்றன.

[திரையில்: கோர்சிகானா, டெக்சாஸ். 1991.]

டிசம்பர் 23, கிறிஸ்துமஸுக்கு இரண்டு நாள் முன்பு. ஒரு சிறிய மர வீடு எரிந்து, இரண்டு வயதுக் குழந்தையும் ஒரு வயது இரட்டையரும் இறந்துபோனார்கள். மூன்றும் பெண் குழந்தைகள். தந்தை கேமரன் டாட் வில்லிங்ஹாம் உயிர் தப்பினார். தீ வைத்தது அவர்தான் என்று 1992-இல் தீர்ப்பாகி மரண தண்டனை விதிக்கப்பட்டது.

சாட்சியம் என்ன? தரையில் ஊற்றிய தடங்கள். வாசற்படி அலுமினியத் தகட்டுக்கு அடியில் கருகிய மரம். ஜன்னல் கண்ணாடியில் தாறுமாறாக ஓடும் நுண்ணிய விரிசல்கள்.

இந்தக் கண்ணாடி விஷயம் கொஞ்சம் சொல்லியே ஆக வேண்டும். எண்ணெய் ஊற்றிய தீ அதிவேகமாகச் சூடேற்றுவதால் கண்ணாடி அப்படி விரிசல் விடும் என்று பயிற்சி நூல்களிலேயே எழுதி வைத்திருந்தார்கள். 1991-இல் கலிஃபோர்னியாவின் ஓக்லாந்து மலைப்பகுதியில் காட்டுத்தீ புகுந்து ஆயிரக்கணக்கான வீடுகள் எரிந்தன. எந்த வீட்டிலும் யாரும் எண்ணெய் ஊற்றவில்லை. லென்டினியும் சகாக்களும் அங்கே 50 வீடுகளைச் சல்லடை போட்டுத் தேடினார்கள். 12 வீடுகளில் அதே விரிசல்! பிறகு ஆய்வகத்தில் கண்ணாடியை வேகமாகச் சூடாக்கினார்கள், மெதுவாகச் சூடாக்கினார்கள், அந்த விரிசல் வரவில்லை. சூடான கண்ணாடி மேல் தண்ணீர் பட்டதும் வந்தது. அதாவது, தீயை அணைக்க அடித்த தண்ணீரின் தடயத்தைத் தீ வைத்ததற்கு ஆதாரம் என்று நீதிமன்றங்களில் காட்டிக்கொண்டிருந்தார்கள்.

அலுமினியமும் அதே கதைதான். அது உருகுவது 660 டிகிரியில். மரத்தீ அவ்வளவு சூடாகாது, பெட்ரோலால்தான் முடியும் என்பது ஒரு பழைய நம்பிக்கை. இரண்டு சுடர்களின் வெப்பநிலையும் ஏறக்குறைய ஒன்றுதான்; பெட்ரோல் சீக்கிரம் பற்றும், அவ்வளவுதான்.

தீ விசாரணையை அறிவியல் முறைப்படி நடத்தச் சொல்லும் என்.எஃப்.பி.ஏ 921 என்ற வழிகாட்டியின் முதல் பதிப்பு வந்த ஆண்டும் 1992. வில்லிங்ஹாமுக்குத் தீர்ப்பு வந்த அதே ஆண்டு. அந்த வழிகாட்டி சொல்வதைச் சுருக்கினால் இவ்வளவுதான்: ஊகத்தை எழுது, அதை உடைக்கப் பார், உடையாவிட்டால் மட்டும் நம்பு. நிறைய விசாரணையாளர்கள் அதை எதிர்த்தார்கள்.

உண்மையாகவே பெட்ரோல் ஊற்றியிருந்தால் எப்படிக் கண்டுபிடிப்பது? ஆய்வகத்தில்தான். கருகிய கம்பளத் துண்டைக் காற்றுப் புகாத தகர டப்பாவில் அடைக்கிறார்கள், ஏனென்றால் சாதாரண பாலித்தீன் பை வழியாக எண்ணெய் ஆவி நழுவிவிடும். டப்பாவை மிதமாகச் சூடாக்கி, உள்ளே தொங்கும் சிறு கரிப் பட்டையில் ஆவியைப் பிடித்து, கேஸ் குரோமட்டோகிராஃப் கருவியில் பிரித்துப் பார்க்கிறார்கள். இதிலும் ஒரு சிக்கல் உண்டு, எரிந்த கம்பளமே பெட்ரோலில் இருக்கும் சில பொருள்களை உமிழும். எனவே ஒன்றிரண்டு பொருள்கள் போதாது, முழு வரிசையும் பொருந்த வேண்டும்.

வில்லிங்ஹாம் வீட்டில் எடுத்த மாதிரிகளில் எரிதிரவம் உறுதியானது முன்வாசல் அருகே எடுத்த ஒன்றில் மட்டும்தான். எரிதிரவம் தெளித்துப் பற்றவைக்கும் அவர்களுடைய கரியடுப்பு அந்த முன்வாசல் திண்ணையில்தான் இருந்தது.

தண்டனைக்குச் சில நாள் முன்பு ஜெரால்ட் ஹர்ஸ்ட் என்ற வேதியியலாளர், தீ வைத்ததற்கு ஆதாரம் எதுவும் இல்லை என்று அறிக்கை எழுதி அனுப்பினார். பலனில்லை. 2004 பிப்ரவரி 17 அன்று விஷ ஊசி. நான் நிரபராதி என்று வில்லிங்ஹாம் கடைசி வரை சொன்னார். டெக்சாஸ் தடய அறிவியல் ஆணையம் அமர்த்திய நிபுணர் கிரெய்க் பெய்லரும் 2009-இல் அதே முடிவுக்குத்தான் வந்தார்.

இன்னொரு மனிதர், எர்னெஸ்ட் வில்லிஸ். அதே டெக்சாஸ், அதே மாதிரி தீ, அதே மாதிரி சாட்சியம், அவருக்கும் மரண தண்டனை. அவர் வழக்கில் அரசு வழக்கறிஞரே ஹர்ஸ்டிடம் கோப்பைக் கொடுத்துக் கருத்துக் கேட்டார். 2004 அக்டோபரில் வில்லிஸ் விடுதலையானார். வில்லிங்ஹாமின் மரணத்துக்கும் இந்த விடுதலைக்கும் இடையில் எட்டு மாதம்கூட இல்லை.

2013-இல் டெக்சாஸ் ஒரு சட்டம் கொண்டுவந்தது. தீர்ப்புக்கு அடிப்படையான அறிவியல் பின்னாளில் பிழை என்று தெரிந்தால், அந்தக் காரணத்தைக் காட்டியே கைதி நீதிமன்றத்தின் கதவைத் தட்டலாம். மாநிலத் தீயணைப்பு அலுவலகமும் விஞ்ஞானிகள் அடங்கிய ஒரு குழுவை வைத்து, பழைய தீ வைப்பு வழக்குகளைத் திரும்ப எடுத்துப் பார்க்கத் தொடங்கியது. வில்லிங்ஹாம் மீதான தீர்ப்பை மட்டும் இன்றுவரை யாரும் ரத்து செய்யவில்லை.