பாட்டிக்குக் கேட்ட இன்புளுவென்சா

வணக்கம் மக்களே, பசியாறிவிட்டீர்களா? மலேசியாவின் சுங்கை சிப்புட்டில், எங்கள் வீட்டுக்குப் பக்கத்து ஒட்டுக்கடையில் உட்கார்ந்திருக்கிறேன். பின்னால் தெரிகிற செம்பனை எல்லாம் பாட்டி காலத்தில் பால்மரம், அதாவது ரப்பர். லாரி சத்தம் வந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நேற்று ராத்திரி சாப்பிடும்போது தங்கச்சி, "நான் இன்புளுவென்சர் ஆகப் போகிறேன்" என்றாள். பாட்டி சோற்றுக் கையோடு நிமிர்ந்து, "போன மாசம் கிளினிக்கில் காய்ச்சலுக்கு ஊசி போட்டார்களே, அதுவா?" என்று கேட்டார். எல்லாரும் சிரித்தோம். அப்புறம் தூக்கம் வராமல் தேடிப் பார்த்தால், பாட்டி கேட்டது சரியான கேள்வி!

இன்புளுவென்சருக்கு மூலச்சொல் இன்புளுவென்ஸ், அதாவது செல்வாக்கு. அதற்கு லத்தீன் வேரில் 'உள்ளே பாய்வது' என்று பொருள். 14-ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்கு வந்தபோது அது சோதிடச் சொல். நட்சத்திரங்களிலிருந்து கண்ணுக்குத் தெரியாத ஏதோ ஒன்று வழிந்து மனிதனுக்குள் இறங்கி, அவன் குணத்தையும் விதியையும் மாற்றும் என்று நம்பினார்கள். சனிப்பெயர்ச்சிக்கு எள் தீபத்தோடு வரிசையில் நிற்கிற நமக்கு இதை விளக்க வேண்டுமா என்ன?

ஊரையே படுக்க வைக்கிற காய்ச்சலையும் கிரகத்தின் வேலை என்று நினைத்த இத்தாலிக்காரர்கள் அதற்கு 'இன்புளுவென்சா' என்று பெயர் வைத்தார்கள். 1743-இல் அங்கே பரவிய காய்ச்சலோடு பெயரும் ஆங்கிலத்தில் தொற்றிக்கொண்டது. மனிதர்களிடம் அந்த வைரஸைக் கண்டுபிடித்தது 1933-இல். அதற்குள் கிரகத்தின் பெயர் நிலைத்துவிட்டது.

நம் சொல் வேறு மாதிரி. செல்வாக்கு என்றால் செல்லுகிற வாக்கு, அவ்வளவுதான். வானத்திலிருந்து எதுவும் இறங்க வேண்டாம், சொன்ன சொல் நாலு பேரிடம் போய் எடுபட வேண்டும். எனக்கு இதுதான் பிடித்திருக்கிறது. தோட்டத்தில் முதலில் கங்காணி வாக்குத்தான் செல்லும், அதற்கு மேல் கணக்கு எழுதுகிற கிராணி, அதற்கும் மேல் துரை. அப்புறம் எங்கள் ஊர்க்காரர், அமைச்சராக இருந்த துன் சம்பந்தன். தோட்டங்களைத் துண்டு போட்டு விற்ற காலத்தில், 1960-இல், தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தை ஆரம்பித்து, தோட்டம் தோட்டமாகப் போய்ப் பேசினார். பால்மரம் சீவிப் பால் எடுத்தவர்கள் 10 வெள்ளி, 10 வெள்ளியாகக் கட்டினார்கள். அந்தப் பணத்தில் தோட்டங்களையே வாங்கினார்கள். வாக்கு சென்றது என்றால் இப்படி.

இப்போது நம் ஊரில் செல்வாக்குக்குப் பெயர் 'கேபிள்'. போன வருடம் ஓர் அலுவலகத்தில் மூன்று தடவை திரும்பி வந்த என் விண்ணப்பப் பாரம், மாமா ஒருவருக்குப் போன் போட்டதும் ஒரே நாளில் ஓகே ஆனது. கேபிளிலும் ஏதோ பாயத்தான் செய்கிறது, லத்தீன்காரர்கள் மன்னிக்கட்டும்.

காலையில் பாட்டியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டுத் தங்கச்சியைக் கூப்பிட்டார்: "சரி, ஆகு. ஊசியை மட்டும் மறக்காமல் போட்டுக்கொள்."