கம்ப்யூட்டர் ஆன் ஆகல, பீப் சத்தம் மட்டும் வருதா?

[காட்சி: ஃபேன் சுத்துது, மானிட்டர் கறுப்பு]

பவர் பட்டனை அமுக்கினா ஃபேன் சுத்துது, லைட் எரியுது, திரையில மட்டும் ஒண்ணும் வரல. உள்ளேர்ந்து பீப், பீப்னு சத்தம். அது பயோஸ், அதாவது மதர்போர்டுலயே இருக்கிற தொடக்க புரோகிராம், போடுற சத்தம். விண்டோஸ் ஏறுறதுக்கு முன்னாடி பயோஸ் ராம், கிராபிக்ஸ் கார்டுன்னு ஒவ்வொண்ணா சோதிக்கும். படம் வர்றதுக்கு முன்னாலயே ஒண்ணு தவறிட்டா அதை எழுத்துல காட்ட வழியில்ல, அதான் சத்தம். 1981ல வந்த ஐபிஎம் பிசியிலேயே இந்த ஏற்பாடு உண்டு.

[குளோசப்: மதர்போர்டின் ஸ்பீக்கர் பின்கள்]

இப்ப வர்ற பல கேபினெட்டுல இந்த பீப் சத்தம் போடுற சின்ன ஸ்பீக்கரே வர்றதில்ல. தனியா வாங்கி, போர்டுல ஸ்பீக்கர்னு எழுதின நாலு பின்னுல மாட்டணும். சிவப்பு ஒயர் பிளஸ் பக்கம். மாட்டும்போது பவர் பிளக் கழட்டியிருக்கணும்.

அடுத்தது எண்ணுறது. காதால எண்ணினா தப்பும். போன்ல ரெகார்ட் பண்ணி, திரும்பப் போட்டுக் கேளுங்க. எத்தனை நீளம், எத்தனை குட்டை, எங்க இடைவெளி விட்டு மறுபடி ஆரம்பிக்குதுன்னு குறிச்சுக்கோங்க.

[திரையில் எழுத்து: 1 நீளம், 2 குட்டை]

பெரும்பாலானவங்க சறுக்குறது இங்கதான். பழைய அவார்டு கம்பெனி பயோஸ்ல ஒரு நீளம், ரெண்டு குட்டைன்னா டிஸ்ப்ளே கோளாறு. அதே சத்தம் அசுஸ் போர்டுல வந்தா ராம் கிடைக்கலன்னு அர்த்தம்; அங்க கிராபிக்ஸ் கார்டு கிடைக்கலன்னா ஒரு நீளம், மூணு குட்டை. பொதுப் பட்டியலைப் பார்த்து நல்லா இருக்கிற கார்டை மாத்திட்டுப் பணத்தை விடுறது இப்படித்தான். போர்டுலயே அச்சடிச்சிருக்கிற மாடல் நம்பரைப் பார்த்து, அந்த கம்பெனி மேனுவலை இறக்கிப் படிங்க.

[காட்சி: ராம் கழட்டுவது]

ராம் கோளாறுன்னு வந்தா உடனே புதுசு வாங்காதீங்க. பாதி நேரம் அது சரியா உட்காராத பிரச்சினைதான். பிளக்கைக் கழட்டி, பவர் பட்டனை சில விநாடி அமுக்கிப் பிடிங்க, மிச்ச கரண்ட் இறங்கட்டும். கிளிப்பைத் தள்ளி ராமை எடுத்து, அடியில இருக்கிற தங்க நிறக் கால்களை வெள்ளை அழிரப்பரால மெதுவா தேய்ச்சு, தூளைத் துடைச்சிடுங்க. திரும்ப வெக்கும்போது டக்னு கிளிப் விழணும். ரெண்டு ராம் இருந்தா ஒவ்வொண்ணா மாட்டிப் பார்த்தா எது கெட்டதுன்னு தெரிஞ்சிடும். டிடிஆர்5ங்கிற புது வகை ராம் போடுற போர்டா இருந்தா ராம் மாத்தினதும் சில நிமிஷம் திரை கறுப்பாவே இருக்கலாம். அவசரப்பட்டு ஆஃப் பண்ணிடாதீங்க.

[காட்சி: ராம் இல்லாத போர்டு]

சத்தமே வரலன்னா? எல்லா ராமையும் கழட்டிட்டு ஆன் பண்ணுங்க. இப்ப பீப் வந்தா பிராசஸரும் போர்டும் அந்த அளவுக்காவது ஓடுது, ஸ்பீக்கரும் சரி. ராம், கார்டு பக்கம் தேடலாம். அப்பவும் மௌனம்னா முதல்ல பிராசஸர் பக்கத்துல இருக்கிற 4 இல்ல 8 பின் பவர் கேபிளைப் பாருங்க. பெரிய 24 பின் கேபிளை மட்டும் மாட்டிட்டு இதை மறந்துட்டாலும் ஃபேன் சுத்தும், ஆனா பிராசஸருக்குக் கரண்ட் போகாது.