விடத் தெரிந்தவரே வாசகர்

மதிப்பிற்குரிய நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, அவையில் நிறைந்திருக்கும் வாசகப் பெருமக்களே, அனைவருக்கும் என் வணக்கம்.

'நாவல் வாசிப்பில் இன்பம் நிலைப்பது எடுத்ததை முடிக்கும் உறுதியாலா, ஒவ்வாததை விடும் துணிவாலா?' என்பது இன்றைய தலைப்பு. விடும் துணிவாலேயே என்று வாதிட நிற்கிறேன். எனக்கு முன் பேசிய எதிரணித் தலைவர் மூன்று கருத்துகளை வைத்தார். 'எண்ணித் துணிக கருமம்' என்ற குறளை எடுத்துக்காட்டி, தொடங்கிய நூலை நடுவில் விடுவது இழுக்கு என்றார். கவனம் சிதறியவர்களே பாதியில் விடுகிறார்கள் என்றார். பெரிய நாவல்கள் தொடக்கத்தில் கடினமாகத்தான் இருக்கும், பொறுத்தவருக்கே பலன் என்றும் சொன்னார்.

முதலில் குறளுக்கு வருகிறேன். ஒரு செயலில் இறங்குமுன் எண்ணிப் பார், இறங்கிய பிறகு எண்ணிக்கொள்ளலாம் என்பது இழுக்கு என்கிறார் வள்ளுவர். நாவலைப் பொறுத்தவரை, இறங்குமுன் எதைக் கொண்டு எண்ணுவது? அட்டையைக் கொண்டா, பின்னட்டையில் அச்சிட்ட புகழுரையைக் கொண்டா? ஒரு நாவல் நமக்கு உகந்ததா என்று எண்ணிப் பார்ப்பதற்கு, அதன் முதல் ஐம்பது அறுபது பக்கங்களைப் படிப்பதைத் தவிர வேறு வழியே இல்லை. அந்தப் பக்கங்கள்தாம் எண்ணுதல்; துணிதல் அதற்குப் பின்னரே வருகிறது. அதே அதிகாரத்தில், நான்கு குறள்களுக்கு முன்னால், 'ஆக்கம் கருதி முதலிழக்கும் செய்வினை ஊக்கார் அறிவுடையார்' என்றும் வள்ளுவர் சொல்லியிருக்கிறார். வரப்போகும் ஆதாயத்தை நம்பிக் கையிலுள்ள முதலை இழக்கும் செயலை அறிவுடையவர் மேற்கொள்ள மாட்டார். வாசகரின் கையிலுள்ள முதல் அவருடைய நேரம். கடைசி அத்தியாயத்திலாவது ஏதேனும் கிடைக்கும் என்று நம்பி நானூறு பக்கங்களை விருப்பமின்றிக் கடப்பவர், அந்த முதலைத்தான் இழந்துகொண்டிருக்கிறார்.

பிறகு ஏன் விட மனம் வருவதில்லை? இதை உளவியல் ஆராய்ந்திருக்கிறது. ஹால் ஆர்க்ஸ், கேத்தரின் புளூமர் என்ற இரு ஆய்வாளர்கள் 1985இல் வெளியிட்ட ஆய்வில், ஒரே நாடகப் பருவத்துக்கான சீட்டைச் சிலர் முழு விலைக்கும் சிலர் தள்ளுபடி விலைக்கும் பெறுமாறு செய்தார்கள். பருவத்தின் முதல் பாதியில், முழு விலை கொடுத்தவர்களே கூடுதலான நாடகங்களுக்கு வந்தார்கள். நாடகங்கள் இரு சாராருக்கும் ஒன்றே. வேறுபட்டது கொடுத்த பணம் மட்டுமே. செலவழித்தது வீணாகிவிடக் கூடாதே என்ற எண்ணம் நம்மைக் கட்டிப்போடுகிறது. 'இருநூறு பக்கம் படித்தாயிற்று, இனி எப்படி விடுவது?' என்று கேட்கும்போது நம்மிடம் பேசுவது உறுதி அன்று, இந்த எண்ணமே. படித்த இருநூறு பக்கங்களுக்கான நேரம் போனது போனதுதான். படித்தாலும் திரும்பாது, விட்டாலும் திரும்பாது. மீதமுள்ள பக்கங்களுக்கு நம் நேரத்தைக் கொடுக்கலாமா என்பது ஒன்றே கேட்கத் தக்க கேள்வி.

அடுத்தது கவனம். எதிரணி சொன்னதில் ஓரளவு உண்மை இருக்கிறது என்பதை மறுக்க மாட்டேன். நூலின் குறை என்று நாம் நினைப்பது பல நேரங்களில் நம் மனத்தின் களைப்பாகவே இருக்கும். ஒரே பத்தியை மூன்றாம் முறை படிக்கிறோம். கண் வரியின் இறுதிக்குப் போய்விடுகிறது, மனமோ சற்றுமுன் கைபேசியில் வந்த செய்தியிலேயே நிற்கிறது. புதிதாக நுழைந்த பாத்திரம் கதாநாயகியின் சித்தப்பாவா, மாமனா என்று தெரியாமல் பின்னோக்கிப் புரட்டுகிறோம். இந்த நிலையில் நூலை மூடுவதை எங்கள் அணியும் ஆதரிக்கவில்லை. கைபேசியை அடுத்த அறையில் வைத்துவிட்டு, உறக்கம் கண்ணைச் சுழற்றும் இரவு நேரத்தை விடுத்து, மனம் தெளிந்திருக்கும் ஒரு காலையில் அரை மணி நேரம் அதே நூலோடு அமர வேண்டும். பாத்திரங்களின் பெயர்களையும் உறவுகளையும் ஒரு துண்டுத் தாளில் குறித்து, அதையே பக்க அடையாளமாக வைத்துக்கொள்ளலாம். இதைச் செய்ததும் கதை பிடிபட்டுவிட்டால் குறை நம்மிடம் இருந்தது, தொடர்ந்து படிப்போம். ஆனால் முழுக் கவனத்தோடு படித்தும் அந்த மனிதர்கள் வாழ்ந்தால் என்ன, வீழ்ந்தால் என்ன என்றே தோன்றுகிறதா? இன்னும் எவ்வளவு இருக்கிறது என்று கட்டைவிரல் மீதிப் பக்கங்களின் கனத்தை அடிக்கடி அளந்து பார்க்கிறதா? அப்போது மூடி வைப்பது கவனச் சிதறலால் நேர்வது ஆகாது. கவனித்துப் படித்தவர் எடுக்கும் முடிவு அது.

இன்னும் சொல்வேன், நடுவர் அவர்களே: கடமைக்காக முடிப்பவரே கவனத்தை இழக்கிறார். ஒவ்வாத நாவலை முடித்தே தீர்வது என்று உறுதி பூண்டவர் வருணனைகளைத் தாண்டுகிறார், உரையாடல்களை மட்டும் பொறுக்குகிறார், பக்க எண்ணைப் பார்த்துக்கொண்டே ஓடுகிறார். அந்த ஓட்டம் பழகிப்போனால், அடுத்து கையில் கிடைக்கும் அருமையான நாவலிலும் அவர் ஓடத்தான் செய்வார். வேறு சிலருக்கு இதைவிடப் பெரிய இழப்பு நேர்கிறது. முடிக்கவும் முடியாமல், முடிக்காமல் வேறொன்றைத் தொடவும் மனம் ஒப்பாமல், தலைமாட்டில் அந்த நூலை மாதக்கணக்கில் வைத்துக்கொண்டு வாசிப்பையே நிறுத்திவிடுகிறார்கள். ஒரு நூலை விட மாட்டேன் என்ற பிடிவாதம் எல்லா நூல்களையும் விடவைத்துவிடுகிறது. இப்படி வாசிப்பிலிருந்து ஒதுங்கிப் போனவர்களை நினைத்தால் எனக்கு மெய்யாகவே வருத்தமாக இருக்கிறது.

கடினமான தொடக்கத்தைப் பொறுக்க வேண்டும் என்றார்கள். 1980இல் வெளிவந்த 'ரோஜாவின் பெயர்' நாவலின் முதல் நூறு பக்கங்களைச் சுருக்கச் சொல்லி நண்பர்களும் பதிப்பாசிரியர்களும் கேட்டபோது, அதன் ஆசிரியரான இத்தாலிய எழுத்தாளர் உம்பர்த்தோ எக்கோ மறுத்துவிட்டார். அந்தப் பக்கங்கள் வாசகருக்கு ஒரு நோன்பு போன்றவை என்று பின்னர் எழுதினார். எதிரணி இதை எடுத்துக்காட்டக்கூடும். ஆனால் அவரே, அது பிடிக்காதவர், கதை நடக்கும் மலைமேல் மடத்துக்கு ஏறாமல் மலையடிவாரத்திலேயே தங்கிவிடலாம் என்றும் சேர்த்து எழுதியிருக்கிறார். பிரெஞ்சு எழுத்தாளர் டேனியல் பென்னாக், 1992இல் வெளியிட்ட தம் நூலில் வாசகரின் பத்து உரிமைகளை வகுத்தபோது, நூலை முடிக்காமல் விடும் உரிமையையும் அவற்றுள் ஒன்றாக வைத்தார். அமெரிக்க நூலகர் நான்சி பேர்ல் இன்னும் தெளிவாக ஒரு கணக்கே சொன்னார்: ஐம்பது பக்கம் வரை வாய்ப்புக் கொடுங்கள், உங்கள் வயது ஐம்பதைத் தாண்டிவிட்டால், நூறிலிருந்து வயதைக் கழித்து வரும் பக்கங்கள் வரை படித்தால் போதும். எழுபது வயதுக்காரருக்கு முப்பது பக்கம். வயது ஏற ஏற மீதமுள்ள நேரம் குறைகிறது என்பதை மதித்த கணக்கு இது.

'கல்வி கரையில, கற்பவர் நாள்சில' என்று நாலடியார் சொன்னதும் இந்தக் கணக்கைத்தான். ஆண்டுக்கு 20 நாவல் படிப்பவர் 50 ஆண்டுகள் இடைவிடாமல் படித்தாலும் மொத்தம் 1,000 நாவல்களே ஆகும். நீரை ஒழித்துப் பாலை உண்ணும் பறவையைப் போலத் தெரிந்து கற்க வேண்டும் என்று அந்தப் பாடல் முடிகிறது. ஒழிக்க வேண்டியதை ஒழிக்காமல் அந்தத் தெரிவு எப்படி நிகழும்?

ஒன்றை மட்டும் எங்கள் அணி மனமார ஒப்புக்கொள்கிறது. பாதியில் விட்டவருக்கு அந்த நூலை மோசமானது என்று தீர்ப்பிடும் தகுதி இல்லை. '120ஆம் பக்கம் வரை படித்தேன், இப்போது என்னால் இதற்குள் செல்ல முடியவில்லை' என்று மட்டுமே அவர் சொல்லலாம். இருபது வயதில் மூடிய நாவலை நாற்பது வயதில் எடுத்து ஒரே மூச்சில் முடித்தவர்கள் இந்த அவையிலேயே இருப்பார்கள். வெறுப்பேறும்வரை படித்து முடித்திருந்தால், அதை மீண்டும் தொட்டிருக்கவே மாட்டார்கள். ஆகவே, நடுவர் அவர்களே, தீர்ப்பை எங்கள் பக்கம் வழங்குமாறு வேண்டி அமர்கிறேன். நன்றி, வணக்கம்.