மிராண்டா எங்கே போனாள்? ஹேங்கிங் ராக் உச்சியிலிருந்து ஆஸ்திரேலிய சினிமா

வணக்கம். காற்றுச் சத்தம் கொஞ்சம் அதிகமாகக் கேட்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். மெல்பர்னிலிருந்து வடமேற்கே சுமார் 70 கிலோமீட்டர் கார் ஓட்டி வந்து, இப்போது ஹேங்கிங் ராக் உச்சியில் நிற்கிறேன். உண்மையைச் சொன்னால், வந்து இறங்கியதும் சப்பென்று ஆகிவிட்டது. தரையிலிருந்து 105 மீட்டர்தான். திருச்சி மலைக்கோட்டையைவிடக் கொஞ்சம் உயரம், அவ்வளவே. கீழே கார் நிறுத்துமிடம், காபிக்கடை. பக்கத்திலேயே குதிரைப் பந்தய மைதானம் வேறு.

ஆனால் 1975-இல் இயக்குநர் பீட்டர் வியர் இந்தப் பாறையைப் படம் எடுத்த விதம் இருக்கிறதே! 'பிக்னிக் அட் ஹேங்கிங் ராக்' பார்த்தவர்களுக்குத் தெரியும். 1900, காதலர் தினம். வெள்ளை உடையில் பள்ளி மாணவிகள் சுற்றுலா வருகிறார்கள். கடிகாரங்கள் பன்னிரண்டு மணிக்கு நின்றுவிடுகின்றன. மிராண்டா உட்பட மூன்று மாணவிகளும் ஓர் ஆசிரியையும் காணாமல் போகிறார்கள். ஒருத்தி மட்டும் பிறகு கிடைக்கிறாள், அவளுக்கும் எதுவும் நினைவில்லை. ஏன், எப்படி என்று படம் கடைசி வரை சொல்லாது. ஒளிப்பதிவாளர் ரஸ்ஸல் பாய்ட், மணப்பெண் முகத்திரைத் துணியை லென்ஸுக்கு முன்னால் கட்டி எடுத்தார். அதனால்தான் அந்த வெயில் அப்படி மயக்குகிறது. இங்கே நேரில் வெயில் அப்படியெல்லாம் இல்லை, மண்டையைப் பிளக்கிறது.

இன்னொரு வேடிக்கை. பள்ளிக்கூடமாக வரும் மாளிகை இந்தப் பக்கத்திலேயே இல்லை, தெற்கு ஆஸ்திரேலியாவில் இருக்கிறது. அந்த மாநிலத்தின் திரைப்படக் கழகம் இந்தப் படத்தில் பணம் போட்டிருந்தது.

அந்தப் பணத்தைப் பற்றிக் கொஞ்சம் பேச வேண்டும். 1906-இலேயே ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓடும் கதைப்படம் எடுத்த நாடு இது. நெட் கெல்லி என்ற கொள்ளைக்காரனின் கதை. அப்படிப்பட்ட நாட்டில் 1960-களில் உள்ளூர் சினிமா ஏறக்குறைய படுத்தே விட்டது. 1970-இல் மத்திய அரசு திரைப்பட வளர்ச்சிக் கழகம் தொடங்கியது, மாநிலங்களும் பின்னால் வந்தன. அரசுப் பணம் வந்தால் 'நம் நாட்டு முகத்தைக் காட்டு' என்ற எதிர்பார்ப்பும் கூடவே வரும் இல்லையா? எந்த முகம்? இந்த நாட்டில் 85 சதவீதம் பேர் கடற்கரையிலிருந்து 50 கிலோமீட்டருக்குள் வாழ்கிறார்கள். டிராம், மாடி வீடு, அலுவலகம் என்று வாழ்கிறவர்கள். ஆனால் திரையில் நாட்டின் முகமாக வந்து உட்கார்ந்தது செம்மண் பாலைவனமும் யூகலிப்டஸ் காடும். பெரும்பாலானவர்கள் வாழாத இடம்!

அங்கே போய் என்ன செய்கிறார்கள்? தொலைந்து போகிறார்கள். இது சினிமா கண்டுபிடித்ததுகூட இல்லை. 1886-இலேயே ஃபிரெடரிக் மெக்கபின் காட்டில் வழி தவறி நிற்கும் ஒரு சிறுமியை வரைந்து 'லாஸ்ட்' என்று பெயர் வைத்துவிட்டார்.

எனக்குத் தோன்றுவது இதுதான். பழங்குடி மக்கள் வாழ்ந்துகொண்டிருந்த இடத்தை யாருடைய நிலமும் இல்லை என்று சொல்லித்தான் வெள்ளைக்காரர்கள் இங்கே வந்து குடியேறினார்கள். அந்தச் சட்டக் கருத்தை உயர் நீதிமன்றம் தள்ளியதே 1992-இல், மாபோ வழக்கில்தான். யாரும் இல்லை என்று சொன்ன இடத்தில் யாரோ பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்ற பயம் அடிமனதில் இருக்காதா? வியர் படத்தில் பாறை மேலிருந்து கீழே பார்க்கும் ஷாட்டுகளைக் கவனியுங்கள். யாருடைய பார்வை அது? படம் அதையும் சொல்வதில்லை.

சரி, தொலையாதவர் ஒருவரைப் பார்ப்போம். டேவிட் குல்பிலில் என்ற பழங்குடி நடிகர். 1971-இல் வந்த 'வாக்அபவுட்' படத்தில் பாலைவனத்தில் சிக்கிய இரண்டு வெள்ளைக்காரப் பிள்ளைகளை வழியில் பார்க்கும் பையன். அந்த அக்கா தண்ணீர் வேண்டும் என்று ஆங்கிலத்தில் திரும்பத் திரும்பக் கேட்கிறாள், அவனுக்குப் புரியவில்லை. தம்பி குடிப்பது போலச் சைகை காட்டுகிறான், உடனே வேலை முடிந்தது.

'க்ரோக்கடைல் டண்டீ' படத்திலும் அவர் வருவார். ஓர் அமெரிக்கப் பெண் அவரைப் புகைப்படம் எடுக்கப் போகிறாள், எடுக்க முடியாது என்கிறார். ஓ, படம் எடுத்தால் ஆவி போய்விடும் என்று நம்பிக்கையோ என்று அவள் தயங்க, லென்ஸ் மூடியைக் கழற்றவில்லை என்கிறார்! இன்று காலை மைக்கை ஆன் செய்யாமலே பத்து நிமிடம் பேசிய நான் அவளைக் கிண்டல் செய்யக் கூடாது.

அப்புறம் 2002-இல் 'ரேபிட் ப்ரூஃப் ஃபென்ஸ்'. 1931-இல் உண்மையில் நடந்தது. வீட்டிலிருந்து அரசு பிடித்துக்கொண்டு போன மூன்று பழங்குடிச் சிறுமிகள் முகாமிலிருந்து தப்பி, முயல்கள் வராமல் தடுக்கப் போட்ட வேலியைப் பிடித்துக்கொண்டே 1,600 கிலோமீட்டர் நடக்கிறார்கள். வழியில் ஒருத்தி பிடிபடுகிறாள், இரண்டு பேர் வீடு போய்ச் சேருகிறார்கள். ஹேங்கிங் ராக் பெண்கள் ஒரு மதியத்தில் தொலைந்தார்கள். இவர்களோ அத்தனை தூரத்திலும் வழி தவறவில்லை. துரத்தி வரும் தடயக்காரர் யார்? அதே குல்பிலில்தான். மூத்த சிறுமி புத்திசாலி, வீட்டுக்குப் போக நினைக்கிறாள் என்பதை முதலில் புரிந்துகொள்வதும் அவர்தான்.

ஆலிஸ் ஸ்பிரிங்ஸில் பிறந்து வளர்ந்த வார்விக் தோர்ன்டன் இதை இன்னும் தூரம் கொண்டுபோனார். அவருடைய 'சாம்சன் அண்ட் டிலைலா' 2009-இல் கான் திரைப்பட விழாவில் முதல் படத்துக்கான விருதை வாங்கியது. அதில் அடிபடுவது, சீரழிவது எல்லாம் ஊருக்குள், பாலத்துக்கு அடியில். ஆறுதல் கிடைப்பது பாலைவனத்தில், டிலைலாவின் சொந்த மண்ணில்.

பாலைவனத்தில் நடக்கும் 'மேட் மேக்ஸ்' படங்களைப் பற்றிக் கமென்ட்டில் கேட்பீர்கள், அதையும் சொல்லிவிடுகிறேன். 2015-இல் வந்த படத்தை ப்ரோக்கன் ஹில் பக்கம் எடுக்கத்தான் திட்டம். மழை பெய்து பாலைவனம் முழுக்கப் பூத்துக் குலுங்கிவிட்டது. ஆகவே ஆஸ்திரேலியப் பாலைவனத்தைத் தேடி ஆப்பிரிக்காவுக்கு, நமீபியாவுக்குப் போனார்கள்.

இருங்கள்... கேட்கிறதா? மேலே ஏறி வருகிறவர்கள் "மிராண்டா!" என்று கத்துகிறார்கள். இங்கே வருகிற பாதிப் பேர் அந்தப் பெண்ணின் பெயரைக் கூப்பிட்டுப் பார்க்காமல் இறங்குவதில்லை போல. அவள் 1967-இல் ஜோன் லிண்ட்சே எழுதிய நாவலில் வரும் கற்பனைப் பாத்திரம். இந்தப் பாறையைச் சுற்றி வாழ்ந்து, உண்மையிலேயே விரட்டப்பட்ட பழங்குடி மக்களை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. அதைத் தட்டிக் கேட்டுத்தான் 2017-இல் 'மிராண்டா மஸ்ட் கோ' என்று ஓர் இயக்கமே நடந்தது. பாறைக்கு அந்தப் பழங்குடி மக்கள் வைத்த பெயர் ஙன்னெலாங். ங-வில் தொடங்கும் பெயர், ஆங்கிலக்காரர்களுக்கு வாயில் நுழையாது. நமக்கு அந்த எழுத்தே இருக்கிறது.

கேட் மூடப் போகிறார்கள், நான் இறங்குகிறேன்.